நீடித்துக் கறக்கும் பசு

ஒரு பசு ஒரே நாளில் அதிகபட்சமாக எவ்வளவு பால் தருகிறது என்பதைக் கொண்டே பலர் அதன் தரத்தை மதிப்பிடுகின்றனர். இந்த அளவுகோல் மட்டும் போதாது. எத்தனை நாள் சீராகப் பால் தருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கன்று ஈன்ற பின் பால் நாளுக்கு நாள் கூடி, ஏறத்தாழ 6 முதல் 8 வாரங்களில் உச்சத்தை எட்டும். பிறகு படிப்படியாகக் குறையும். சில பசுக்களிடம் இந்தக் குறைவு வேகமாக நிகழும். சிலவற்றிடம் மெதுவாக நிகழும். மெதுவாகக் குறையும் பசுவே நீடித்துக் கறக்கும் பசு.

உச்சத்தை மட்டும் நாடுவதால் என்ன தீங்கு? பால் மிகுந்து சுரக்கும் தொடக்க வாரங்களில், உண்ணும் தீவனம் பசுவின் தேவைக்குப் போதாது. எனவே, உடலில் சேர்ந்த கொழுப்பு கரைகிறது. பசு மெலிந்து நோய்க்கு ஆளாகிறது. அடுத்த சினையும் தள்ளிப்போகிறது. வெப்ப நாடுகளில் மாடுகள் குறைவாகவே உண்பதால் இச்சுமை இன்னும் கூடுகிறது.

நீடித்துக் கறக்கும் தன்மை ஓரளவு மரபுவழி வருவது. அதனை ஒரே மரபணு முடிவு செய்வதில்லை. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்களிக்கின்றன. காளை பால் தராது. ஆகவே, அதன் வழிவந்த பசுக்களின் கறவைப் பதிவுகளைக் கொண்டே காளையின் மரபுத் திறன் நெடுங்காலம் கணிக்கப்பட்டது. இன்று கன்றுப் பருவத்திலேயே மரபணுச் சோதனையால் கணிக்க முடிகிறது. அதற்கும் பண்ணைப் பதிவுகளே அடிப்படை.

‘ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும்’ என்பது பழமொழி. ஃப்ரீசியன் மாடு மிகுதியாகப் பால் தரும். ஆனால், கடும் வெப்பத்தைத் தாங்காது. பஞ்சாபின் சாகிவால் மாடு வெப்பத்தையும் உண்ணியையும் தாங்கும். இவ்விரண்டையும் கலந்தே மலேசியாவில் ‘மஃப்ரிவால்’ இனம் உருவாக்கப்பட்டது. இத்தகைய கலப்பினப் பசுக்களில் சில, விரைவில் பால் வற்றிவிடும். ஆகவே, இங்கு நீடித்துக் கறக்கும் தன்மைக்கு முதலிடம் தருவதே பொருத்தம்.

நல்ல தீவனமும் பராமரிப்பும் இருந்தாலே போதும் என்று சிலர் கூறலாம். அவை இன்றியமையாதவைதாம். ஆயினும், தீவனத்தின் பயன் அதை உண்ட பசுவோடு முடிந்துவிடும். நல்ல மரபோ அதன் கன்றுகளுக்கும் தொடரும். எனவே, பண்ணையாளர்கள் ஒவ்வொரு பசுவின் பால் அளவையும் கறவைக் காலம் முழுவதும் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவேடே அடுத்த தலைமுறைக்கு ஏற்ற பசுவையும் காளையையும் காட்டும்.