அதிகாலையில் ஷட்டர் தூக்குகிறவர்

காலை ஐந்து மணிக்கு ஜிம்மின் ஷட்டரைத் தூக்கும் பயிற்சியாளர் பத்து மணி வரை நிற்கிறார். மாலை மறுபடி வந்து, இரவு கடைசி ஆள் போன பிறகுதான் விளக்கை அணைக்கிறார். பல கூடங்களில் அடிப்படைச் சம்பளம் குறைவு. பர்சனல் டிரெய்னிங்குக்கு ஆள் பிடித்து, புரோட்டீன் டப்பா விற்றால்தான் கையில் காசு நிற்கும். சொல்லிக்கொடுக்க வந்தவரை விற்பனையாளர் ஆக்குவது பெரும் தவறு. சென்ற மாதம் ஸ்குவாட் செய்தபோது என் முட்டி உள்பக்கம் மடங்கியதைப் பார்த்து, ஓடி வந்து எடையைப் பாதியாகக் குறைத்தார் ஓர் இளம் பயிற்சியாளர். நாம் கட்டும் பணம் அந்தக் கண்ணுக்குத்தான். முப்பது பேர் ஆடும் ஸும்பா வகுப்பில் ஒருவரால் அத்தனை முட்டிகளையும் பார்க்க முடியாது. வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு, 2 நாளாவது தசைப் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். டப்பா வாங்கச் சொல்லவில்லை. சேரும் அன்று ஏசி இருக்கிறதா என்று கேட்கிறோம். பயிற்சியாளர் எங்கே படித்தார், அவருக்கு மாதச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்றும் கேளுங்கள்.