நாமினின்னா வாரிசு இல்லீங்க

ஒரு சனிக்கிழமை காலை, இங்கே புனேயில் பால் பாக்கெட்டைக் கத்தரித்துக்கொண்டிருந்தபோது கும்பகோணத்திலிருந்து அம்மா போன். பேங்க்கில் புதுப் படிவம் கொடுத்திருக்கிறார்களாம். ஒரு டெபாசிட்டுக்கு நாலு பேர் வரைக்கும் நாமினி போடலாமாம்.

"உனக்கு எத்தனை சதவீதம், அக்காவுக்கு எத்தனை சதவீதம்னு எழுதணுமாம்டா. பாதிப் பாதி போட்டுரவா?"

"போடும்மா. ஆனா அது பங்கு பிரிக்கிறது இல்ல."

"பங்கு இல்லேன்னா அப்புறம் எதுக்குடா சதவீதம் கேக்குறாங்க?"

பதில் சொல்லத் தெரியாமல் பாலை அடுப்பில் வைத்தேன். பொங்கியும் விட்டது. அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அம்மா சொன்னது சரிதான். வங்கிச் சட்டங்களைத் திருத்தி 2025ல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்தில் நாமினி பற்றிய பகுதி 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதுவரை ஒரு டெபாசிட்டுக்கு ஒரே ஒரு நாமினிதான். இப்போது நாலு பேர் வரை போடலாம். அதிலும் இரண்டு வகை. ஒருவருக்குப் பின் ஒருவர் என்று வரிசையாகப் போடலாம், அல்லது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இத்தனை சதவீதம் என்று போடலாம், கூட்டினால் நூறு வரவேண்டும். லாக்கருக்கு மட்டும் சதவீதம் கிடையாது, வரிசைதான்.

வரிசை முறையை நான் மனதார வரவேற்கிறேன். நம் ஊரில் கணவனுக்கு மனைவி நாமினி, மனைவிக்குக் கணவன் நாமினி. இரண்டு பேருக்கும் எழுபதைத் தாண்டியிருக்கும். ஒருவர் போனபின் இன்னொருவர் பேங்க்குக்குப் போய் பெயரை மாற்றுவார் என்று எதிர்பார்ப்பதெல்லாம் நடக்கிற காரியமா? இப்படிக் கேட்பாரற்றுக் கிடந்த பணம், 2023 பிப்ரவரி இறுதிவரை பொதுத்துறை வங்கிகள் மட்டும் ரிசர்வ் வங்கிக்கு மாற்றியது 35,012 கோடி ரூபாய். (பத்து வருஷம் யாரும் தொடாவிட்டால் அங்கே போய்விடும். ஆனாலும் உரியவர் எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். ரிசர்வ் வங்கியின் 'உத்கம்' என்ற இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். தாத்தா பெயரையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள்.)

என் தகராறு சதவீதத்தோடுதான். அதற்கு முன் அப்பா கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா 2022ல் தவறினார். ரிட்டயர் ஆன பணத்தை மூன்று டெபாசிட்டாகப் போட்டு வைத்திருந்தார், மொத்தம் பதினாலு லட்சம். மூன்றுக்கும் நாமினி நான். ஏன் நான்? மகன் என்பதால். அன்றைக்குக் கவுண்டரில் இருந்தவர் "பையன் பேரைப் போட்டுடுங்க சார்" என்றிருப்பார், அப்பாவும் போட்டிருப்பார். அவ்வளவுதான் அதன் பின்னால் இருந்த யோசனை. கடைசி மூன்று வருஷம் அப்பாவை டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு முறை ஆட்டோ வைத்துக் கூட்டிப்போய் வந்தது அக்கா. நான் புனேயிலிருந்து வீடியோ காலில் "சாப்பிட்டீங்களாப்பா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்து பேங்க்குக்குப் போனோம். நாமினி போட்ட மூன்றும் சுலபமாக முடிந்தது. இறப்புச் சான்று, என் ஆதார், ஒரு விண்ணப்பம். நாமினி இருந்தால் வாரிசுச் சான்றோ கோர்ட் பேப்பரோ கேட்காமல் பதினைந்து நாளில் பணத்தைக் கொடுக்கவேண்டும் என்று 2005லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, அதன்படியே கொடுத்தார்கள். நாமினி போடாத பழைய டெபாசிட் ஒன்று வேறொரு வங்கியில் இருந்தது. அதற்குத் தாசில்தார் ஆபீஸ், வாரிசுச் சான்று, பத்திரம், ஜாமீன் கையெழுத்து என்று ஏழு மாதம். நான் லீவு போட்டு ரயிலேறியதையெல்லாம் கணக்குப் பார்த்தால் வந்த பணத்தில் கால்வாசி போயிருக்கும்.

ஆக பதினாலு லட்சம் என் கணக்குக்கு வந்துவிட்டது. துஷ்டி கேட்க வந்த சொந்தக்காரர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார், "அப்பா உன் பேர்ல எழுதிட்டுப் போயிருக்கார், அவர் ஆசை அதுதான்." அக்கா உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழாமல் இருந்திருக்காது.

நிற்க. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1949ம் வருஷத்து வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 45-இசட்ஏ என்று ஒரு பிரிவு, 1985லிருந்து நடைமுறையில் இருக்கிறது. முதலில் படித்தால் தூக்கிவாரிப் போடும். டெபாசிட்காரர் இறந்ததும் அவருடைய உரிமையெல்லாம் நாமினிக்கே, மற்ற யாருக்கும் கிடையாது, உயிலில் வேறுமாதிரி இருந்தாலும் சரி என்ற தொனியில் போகிறது. ஆனால் கொஞ்சம் கீழே ஒரு வரி. நாமினிக்குக் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு முடிந்தது, ஆனால் பணத்தை வாங்கியவர் மீது மற்றவர்களுக்கு இருக்கும் உரிமையை இது பாதிக்காது என்று. 2010ல் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைப் பற்றி இதையேதான் தெளிவாகச் சொன்னது. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளத்தான் ஆள், சொந்தக்காரர் இல்லை. பணம் வாரிசுகளுக்கு. போஸ்ட்மேன் கையில் மணியார்டர் இருந்தால் அது போஸ்ட்மேன் பணமா?

அப்பா உயில் எழுதவில்லை. அவர் சொந்த சம்பாத்தியம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அக்கா, நான், மூன்று பேருக்கும் சமபங்கு. இதில் மகளுக்கு உரிமை 2005ல் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது பூர்வீகச் சொத்து விஷயம். அப்பாவின் சொந்தப் பணத்தில் மகளுக்குச் சமபங்கு 1956லிருந்தே உண்டு. மூன்றாகப் பிரித்து அனுப்பினேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அனுப்புவதற்குள் பதினோரு நாள் ஆனது, அந்தப் பதினோரு நாளும் புனே பிளாட்டின் வீட்டுக்கடன் கண்முன் வந்து போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது சதவீதத்துக்கு வருகிறேன். அதில் நல்லதே இல்லை என்று சொல்லமாட்டேன். அன்றைக்கு அது இருந்திருந்தால் அக்கா பணம் நேராக அக்காவுக்குப் போயிருக்கும், என் நல்ல மனசை நம்பி அவள் காத்திருந்திருக்க வேண்டாம். ஆனால் ஒருவர் படிவத்தில் மகனுக்கு 90, மனைவிக்கு 10 என்று எழுதிவிட்டு உயில் இல்லாமல் போகிறார் என்று வையுங்கள். ஒரு மகளும் இருக்கிறாள். வங்கி 90ஐ மகனிடம் கொடுக்கும். சட்டப்படி அவனுக்கு மூன்றில் ஒன்றுதான். அவன் கையில் அப்பா கையெழுத்துப் போட்ட காகிதம், அதில் எண்ணாலேயே எழுதியிருக்கிறது. முன்பு "நாமினி" என்ற ஒரு வார்த்தையை வைத்துத்தான் சண்டை. இனி "90" என்று இருக்கும். எந்தத் தம்பி அதை விட்டுக்கொடுப்பான்? கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பங்கு விதி வேறு, ஆனால் சிக்கல் இதேதான்.

சட்டம் எழுதியவர்கள் வங்கியின் தலைவலியை நன்றாக யோசித்திருக்கிறார்கள், குடும்பத்தின் தலைவலியை யோசிக்கவில்லை என்பது என் கட்சி. நூறு வரும்படி சதவீதம் கேட்டால் உலகத்தில் யாரும் அதைப் பங்கு என்றுதான் நினைப்பார்கள், எங்கம்மா மாதிரி. "இது சொத்துப் பிரிவினை அல்ல" என்று படிவத்தின் தலையில், அந்தந்த ஊர் மொழியில், கொட்டை எழுத்தில் போடட்டும். ஒரு வரிதானே? இன்சூரன்ஸில் 2015லிருந்து பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்று மாற்றிவிட்டார்கள். பேங்க்கில் அப்படி இல்லை. இரண்டுக்கும் ஒரே வார்த்தை. சாதாரண ஜனம் எப்படிப் பிரித்துப் பார்க்கும்?

அதுவரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியூரில் உட்கார்ந்திருக்கும் நம்மில் பாதிப் பேர் ஊரில் யாருக்கோ நாமினி. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாஸ்புக்கையும் டெபாசிட் ரசீதுகளையும் எடுத்து வைத்துப் பாருங்கள். உயிலைப் பற்றிப் பேச்செடுக்கக் கூச்சமாகத்தான் இருக்கும். "என்னடா, சாகறதுக்குள்ளயேவா" என்பார்கள். அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு செய்வதும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, அவர்களும் போட்டால் போதும். நாமினி சதவீதமும் உயிலும் ஒத்துப்போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி கழித்துப் போனபோது அம்மா எழுதிவிட்டாள். ஒண்ணரைப் பக்கம், அவள் கையெழுத்திலேயே. எதிர்வீட்டு ரிட்டயர்ட் வாத்தியாரும் தெருமுனை டாக்டரும் சாட்சி. டெபாசிட், வீடு எல்லாம் அக்காவுக்கும் எனக்கும் பாதிப் பாதி. பேங்க் படிவத்திலும் 50, 50.

வளையலைப் பற்றி மட்டும் ஒன்றும் எழுதவில்லை. கேட்டால், "அது உங்கக்காவுக்குத்தான்னு ஊருக்கே தெரியும், அதைப் போய் எழுதணுமா?" என்கிறாள். வளையல் லாக்கரில் இருக்கிறது. லாக்கருக்கு நாமினி இன்னும் நான்தான்.