பரிசுத்தாளும் கலையே

வாழ்த்துக்காகச் செய்யப்படும் ஓவியம் கலையாகாது, அது வெறும் பரிசுப்பொருள் என்றொரு எண்ணம் இலக்கிய நண்பர்களிடையே வேரூன்றியிருக்கிறது. ஜப்பானிய ஓவியம் என்றதும் ஹொகுசாயின் பேரலையைக் கொண்டாடுவார்கள். அதே ஹொகுசாய் புத்தாண்டுப் பரிசுக்கென வரைந்த தாள்களைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். கொக்கும் ஆமையும் மங்கலச் சின்னங்கள்தாமே, அவற்றில் கலைஞனின் அகம் எங்கே என்று கேட்பார்கள். இக்கேள்வியே வரலாறு அறியாதது என்பது என் வாதம்.

பல வண்ண அச்சோவியம் எப்படிப் பிறந்தது? இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரில், 1765ஆம் ஆண்டுக்கென, கவிதை ஆர்வலர் குழுவினர் நாட்காட்டி ஓவியங்களைத் தமக்குள் பரிமாறிக்கொண்டனர். நாட்காட்டி அச்சிடும் உரிமை சிலருக்கே இருந்தமையால், அவ்வாண்டின் மாதங்களைக் குறிக்கும் எண்களை ஆடை வேலைப்பாட்டுக்குள் ஒளித்துவைத்தனர். ஒருவரையொருவர் விஞ்சும் ஆசையில், செலவைப் பாராது பல மரக்கட்டைகளைக் கொண்டு பல வண்ணங்களில் அச்சிடச் செய்தனர். அவர்களுக்காக வரைந்தவர்களில் தலையாயவர் சுசுகி ஹருனொபு. பின்னர் பதிப்பாளர்கள் நாட்காட்டிக் குறிகளை நீக்கிவிட்டு அதே ஓவியங்களைக் கடையில் விற்றனர். ஆக, சந்தைக்கு வந்த வண்ண ஓவியம் பரிசுத்தாளின் வழித்தோன்றலே.

அம்மரபின் முதிர்ச்சிதான் 'சுரிமோனோ'. கியோக்கா என்னும் அங்கதக் கவிதை எழுதும் குழுக்கள் புத்தாண்டில் நண்பர்களுக்கு வழங்கத் தம் செலவில் அச்சிட்ட தாள்கள் இவை. தடித்த உயர்ந்த தாள், உலோகத் துகள்களின் மினுக்கம், மையின்றி அழுத்திப் பெற்ற புடைப்பு என அவ்வளவும் விற்பனைக்கன்று. குபோ ஷுன்மன் போன்றோர் ஓவியரும் கவிஞருமாக இருந்தனர். முப்பத்தோர் அசைக்குள், அனைவரும் அறிந்த அதே மங்கலச் சின்னத்தைச் சிலேடையால் புதுப்பிக்க வேண்டும். கலைஞனின் அகத்தைத் தேடுவோர் அங்கே தேடட்டும். சின்னம் பொதுவானது, அதைத் திருப்பிப் பார்க்கும் பார்வை தனியானது.

இதை உணராமையின் விளைவு கொடிது. நீள்வடிவத் தாள்களில் ஒரு பாதியில் ஓவியமும் மறுபாதியில் கவிதையோ அறிவிப்போ இருக்கும். அவை மேலைநாட்டுச் சேகரிப்பாளர் கைகளுக்குப் போனபோது, எழுத்துப் பகுதி பயனற்றதெனப் பலமுறை வெட்டியெறியப்பட்டது. இன்று அருங்காட்சியகங்களில் பாதித்தாளாகவே அவற்றுள் பல எஞ்சியிருக்கின்றன. யார் யாருக்கு என்ன சொல்லி வாழ்த்தினார் என்பது போயிற்று. படம் மட்டும் நின்றது.

கவிதையை நேசிப்பதாகச் சொல்லும் நாமாவது அக்கத்தரிக்கோலைக் கீழே வைக்க வேண்டாமா? 'சந்தர்ப்பத்துக்காக எழுதியது' என்று ஒரு படைப்பை ஒதுக்கும்போது நாம் செய்வதும் அதே வேலைதான். யாருக்கும் கொடுக்கப்படாத கலையே தூயது என்ற நம்பிக்கையை முதலில் கைவிடுவோம்.