ஃபார்மட் அடித்தால் போகாதது

"வைரஸ் வந்துடுச்சா? ஃபார்மட் அடிச்சா போயிடும்." ஹைதராபாத்தில் போலாரம் பஜார் முதல் அல்வால் வரை எந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் நின்றாலும் இதுதான் தீர்ப்பு. கடைப் பையன் தெலுங்கில் சொல்வான்: "ஃபார்மட் கொட்டேஸ்தா சார், க்ளீன் அயிபோதுந்தி." கன்டோன்மென்ட் காலத்திலிருந்து இங்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களும் தலையாட்டிவிட்டு, கேட்ட காசைக் கொடுத்து, விட்டது சனி என்று வீடு திரும்புகின்றன. சனி விடவில்லை.

இந்த நம்பிக்கை ஒரு காலத்தில் நியாயமானதுதான். இருபது வருடங்களுக்கு முன் பென்டிரைவில் தொற்றிவந்த வைரஸ் ஃபோல்டர்களை மறைக்கும், மெஷினை ஆமையாக்கும். அதன் சேட்டையெல்லாம் டிஸ்க்குக்குள்தான். டிஸ்க்கை அழித்தால் அதுவும் அழியும். ட்ரோஜன் வேறு ஜாதி. அது தானாகப் பரவுவதில்லை; பில் என்றோ, வேலைக்கான ஆர்டர் என்றோ, இலவச சாஃப்ட்வேர் என்றோ வேஷம் போட்டு வரும். டபுள் கிளிக் செய்து உள்ளே விடுவது நாம்தான். விண்டோஸ் கோப்பின் வால்பெயரை மறைத்துவைப்பதால், 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்.எக்ஸ்இ' என்பது நம் கண்ணுக்கு வெறும் பிடிஎஃப்.

இப்போது அதிகம் உலவும் தகவல் திருடும் ட்ரோஜன்கள் மெஷினைக் கெடுக்க வருவதே இல்லை. ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கிகளையும் அள்ளி வெளியே அனுப்பிவிடும். சில, வேலை முடிந்ததும் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ஃபார்மட் அடிப்பது, பீரோவைத் துடைத்துக்கொண்டு திருடன் போன பிறகு வீட்டுக்கு வெள்ளையடிப்பது போலத்தான். லும்மா என்ற இந்த வகை ட்ரோஜன் 2025 மார்ச் 16 முதல் மே 16 வரை, இரண்டே மாதத்தில், 3,94,000க்கு மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இருந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது.

குக்கி என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் உண்டு. ஜிமெயிலில் ஒருமுறை நுழைந்தால் அடுத்த நாள் பாஸ்வேர்டு கேட்பதில்லையே, அந்தச் சலுகைச் சீட்டு அதுதான். அதைத் திருடியவனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். 2023 மார்ச்சில் 'லைனஸ் டெக் டிப்ஸ்' யூடியூப் சேனல் இப்படித்தான் பறிபோனது. கம்ப்யூட்டரைப் பற்றியே பேசிப் பிழைக்கும், 1.5 கோடி சந்தாதாரர்கள் கொண்ட சேனல் அது. விளம்பர ஒப்பந்தம் என்ற பெயரில் வந்த கோப்பை ஊழியர் ஒருவர் திறந்தார், அவ்வளவுதான்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஹைதராபாத்தின் மகேஷ் கூட்டுறவு வங்கியையே பாருங்கள். 2022 ஜனவரியில் சுமார் 12 கோடி ரூபாய் நூற்றுக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குப் பறந்தது. போலீஸ் தோண்டியபோது கதை முந்தைய நவம்பரில் தொடங்கியிருந்தது: வங்கி ஊழியர்களுக்கு 200க்கும் மேற்பட்ட போலி மெயில்கள், அதில் சிலவற்றைத் திறந்தவர்களின் கம்ப்யூட்டரில் தூரத்திலிருந்து இயக்கும் ட்ரோஜன். மெயிலுக்கும் கொள்ளைக்கும் நடுவே இரண்டு மாதம்! மெஷின் மெதுவாக ஓடினால்தான் வைரஸ் என்று காத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். பாதுகாப்புக் குறைபாடுகளுக்காக ரிசர்வ் வங்கி 2023இல் அந்த வங்கிக்கு 65 லட்ச ரூபாய் அபராதம் போட்டது.

"என்கிட்ட திருட என்ன இருக்கு?" என்பது பென்ஷன்காரர்களின் பதில். ஆதாரும் பான் கார்டும் ஸ்கேன் செய்து மெயிலில் கிடக்கின்றனவே, அது போதாதா? திருடிய பணத்தைச் சுற்றிவிட அடுத்தவர் பெயரில் ஒரு கணக்கு திருடர்களுக்கு எப்போதும் தேவை.

சரி, கடையில் அந்த ஃபார்மட்டாவது ஒழுங்காக நடக்கிறதா? கொஞ்சம் நின்று கவனியுங்கள். சி டிரைவ் மட்டும் அழிக்கப்படும். டி டிரைவில் 'சாஃப்ட்வேர்ஸ்' என்றொரு ஃபோல்டர், அதில் வினையைக் கொண்டுவந்த அதே செட்டப் கோப்பு, பத்திரமாக இருக்கும். பிறகு பென்டிரைவிலிருந்து திருட்டு விண்டோஸ். அதை ஆக்டிவேட் செய்ய ஒரு கேஎம்எஸ் கருவி. அது ஓட வேண்டுமென்றால் விண்டோஸின் சொந்த ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டரை அணைத்தாக வேண்டும். நோய்க்கு மருந்து தருகிற கையாலேயே கதவும் திறந்துவிடப்படுகிறது. கேஎம்எஸ்பிகோ என்ற பெயரில் சுற்றிய போலி இன்ஸ்டாலர்களுக்குள் கிரிப்ட்பாட் என்ற பாஸ்வேர்டு திருடி ஒளிந்திருந்ததை ரெட் கேனரி என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் 2021 டிசம்பரில் அம்பலப்படுத்தியது. பையனைத் திட்டிப் பயனில்லை. ஒரிஜினல் விண்டோஸுக்குக் காசு கேட்டால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவது நாம்தானே.

ஆன்ட்டிவைரஸ் 'ஒன்று நீக்கப்பட்டது' என்று சொன்னதும் நிம்மதியடைவதும் இதே மயக்கம்தான். உலகையே ஆட்டிய இமோடெட் ட்ரோஜனை, 2021 ஏப்ரல் 25 அன்று போலீஸ் அமைப்புகளே அப்டேட் அனுப்பிக் கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றின. ஆனால் அது ஏற்கெனவே உள்ளே இழுத்துவிட்டிருந்த மற்ற ட்ரோஜன்கள் அந்த அப்டேட்டில் போகவில்லை.

சந்தேகம் வந்தால் முதலில் வைஃபையைத் துண்டியுங்கள். அந்தக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து பாஸ்வேர்டு மாற்றாதீர்கள், புதியதும் போய்விடும். சுத்தமான வேறொரு ஃபோனை எடுத்து, மெயிலில் தொடங்கி வங்கி வரை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் பொத்தானை அழுத்துங்கள். திருடிய குக்கி செத்துப்போவது அப்போதுதான். மெயிலில் நீங்கள் போடாத ஃபார்வர்டிங் முகவரியோ மீட்பு எண்ணோ இருக்கிறதா என்பதையும் பாருங்கள், பலர் இதைத் தொடுவதே இல்லை. அதன்பின் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் விழிப்பதற்கு முன்பே தேடுவதால் ட்ரோஜனுக்கு ஒளிய இடம் குறைவு. மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்திலும் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன.

அப்புறம் வரட்டும் ஃபார்மட். வேறு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து தயாரித்த பென்டிரைவைக் கொண்டு, எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்து, போட்டோவையும் டாக்குமென்டையும் மட்டும் திரும்ப ஏற்றுங்கள். பணமே போயிருந்தால் மட்டும் ஃபார்மட்டுக்கு அவசரப்பட வேண்டாம். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண்ணை அழைத்து, வங்கிக்கும் சொல்லி, புகார் பதிவாகும் வரை அந்த டிஸ்க்கை எந்தக் கடையிலும் கொடுக்காதீர்கள். போலீஸ் தேடும் தடயம் அதில்தான் இருக்கிறது.