எழுதியவர் பிழைக்குச் சுமப்பவர் தண்டனையா?

பட்டாளத்தில் சேவை செய்து திரும்பிய ஒரு பெரியவர், இராணுவ ஏட்டில் உள்ள தம் தகப்பனார் பெயரையும் தாம் பிறந்த ஆண்டையும் திருத்தித் தரும்படி மனுமேல் மனுவாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். ரிங்லெட் மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அவர். இந்தோனேசியாவுடன் மோதல் நடந்துகொண்டிருந்த 1964-ஆம் ஆண்டில் பட்டாளத்தில் சேர்ந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் துப்பாக்கி தூக்கினார். இன்று வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவர் பதக்கம் கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. "என்னை நானாக எழுதுங்கள்" என்றுதான் கேட்கிறார்.

இது ஒருவருடைய வழக்கு என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. பால்மரக் காட்டிலும் தேயிலை மலையிலும் பிறந்து, பட்டாளத்துக்கும் போலீசுக்கும் ரயில்வேக்கும் போன நம் பிள்ளைகள் பலருக்கு இதே தொல்லை உண்டு. ஆகவே இதைச் சங்கத்தின் கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறோம்.

பிழை எங்கே பிறந்தது என்று முதலில் பார்ப்போம். தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், தகப்பன் பெயர், அவ்வளவுதான். அந்தத் தகப்பனுக்கோ வீட்டில் ஒரு பெயர், கோயிலில் வைத்த பெயர் ஒன்று, கங்காணி கூப்பிட்ட பெயர் ஒன்று. செக்ரோலில் எழுதப்பட்டது ஒன்று. பிறப்புச் சூராவில் ஏறியது வேறொன்று. அதன்மேல் ரோமன் எழுத்து வேறு. லட்சுமி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 'எல்', 'ஏ' என்று தொடங்குவார். இன்னொருவர் 'எல்', 'இ', 'டி', 'சி', 'எச்' என்று தொடங்குவார். முனியாண்டியும் சுப்பிரமணியமும் பட்ட பாடு நாம் அறிந்ததே. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்ற பழமொழி சும்மா வந்ததல்ல. எழுதியவர் ஒரு நிமிடத்தில் எழுதிவிட்டுப் போய்விட்டார். பெயருக்கு உடையவர் அறுபது ஆண்டுகளாகச் சுமக்கிறார்.

பிறந்த தேதியின் கதை இன்னும் மோசம். நம் பெரியவர் பிறந்தது ஜப்பான்காரன் காலம். 1942 முதல் 1945 வரை ஊரே சோற்றுக்கு அலைந்த நாளில், பிறந்த பிள்ளையை உடனே பதிய எத்தனை பேரால் முடிந்தது? பிறகு 1948-ஆம் ஆண்டில் அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அடையாளக் கார்டு கட்டாயமாயிற்று. அப்போது தாய் சொன்ன வயதும், தண்டல் சொன்ன வயதும், ஆளைப் பார்த்து மதித்த வயதும் கார்டில் ஏறின. பட்டாளத்தில் சேர வந்த பையனிடம் பிறப்புச் சூரா இல்லாவிட்டால் அங்கேயும் மதிப்புத்தான்.

அந்நாளில் இது பெரிய குற்றமாகத் தெரியவில்லை. 1990-ஆம் ஆண்டுக்குப் பிறகு அடையாளக் கார்டில் பன்னிரண்டு இலக்க நம்பர் வந்தது. அதன் முதல் ஆறு இலக்கமும் பிறந்த தேதிதான். ஆகவே தேதி மாறினால் நம்பரே மாறுகிறது. நம்பர் மாறினால் ஆளே மாறிவிட்டதாக ஏடு சொல்கிறது! போதாததற்குப் பட்டாளத்தில் இருப்பவருக்கு இராணுவ அடையாளக் கார்டு தனி. வெளியே வந்தபின் மறுபடி பொதுக் கார்டு எடுக்க வேண்டும். ஒரே உடம்புக்கு இரண்டு ஏடு, இரண்டு கார்டு. இவற்றில் ஒன்றோடொன்று பொருந்தாதது ஓர் எழுத்தானாலும் கதவு சாத்தப்படுகிறது.

அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? 2012-ஆம் ஆண்டில் முன்னாள் வீரர்களுக்கென்று நாட்டில் தனிச் சட்டமே வந்தது. உதவி பெற வேண்டுமானால் முன்னாள் வீரர் என்று பதிவில் இருக்க வேண்டும். பென்ஷன் இல்லாமல் வெளியேறியவர்களுக்கு அந்தப் பதிவே பெரிய பிடிமானம். நாளை அவர் கண்ணை மூடினால், தாம் அவர் மனைவிதான் என்று அந்த அம்மாள் நிரூபிக்க வேண்டும். கணவர் பெயர் மூன்று தாள்களில் மூன்று விதமாக இருந்தால் அவர் எங்கே போவார்? பெரியவர் அஞ்சுவது இதற்குத்தான்.

காரியாலயத்தார் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கேட்டவருக்கெல்லாம் பெயர் மாற்றிக் கொடுத்தால் ஒருவர் சேவையை இன்னொருவர் அபகரித்துக்கொள்வார். ஆள் மாறாட்டம் நடவாத ஊர் உண்டா? சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் சோதிப்பது வேறு, அலைக்கழிப்பது வேறு. இவர்தானா அந்த ஆள் என்பது ஒரு கேள்வி. அவர் பெயரை எப்படி எழுதுவது என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குச் சேவை நம்பர் இருக்கிறது, கைரேகை இருக்கிறது, படம் இருக்கிறது. அது தீர்ந்துவிட்டால் இரண்டாவது கேள்விக்கு ஏன் இத்தனை ஆண்டுகள்? "அங்கே திருத்திக்கொண்டு வா" என்று இவர் சொல்ல, "இங்கே முடியாது, அங்கே போ" என்று அவர் சொல்ல, எண்பது வயதுக்காரர் ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கி, கோலாலம்பூர் பஸ் ஏறி, மறுபடி மலை ஏற வேண்டுமா?

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பேரில் இராணுவ ஏடுகளைத் திருத்துவதற்கென்றே தனி வாரியங்கள் ஏற்பட்டன. பிழையைக் கண்ட மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது விதி. நீதியின் பொருட்டு அந்தக் கெடுவையும் தளர்த்தலாம் என்பதும் விதி. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரத்து இராணுவ ஏட்டு நிலையத்தில் தீப்பிடித்து, 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் கோப்புகள் சாம்பலாயின. உன் ஏடு எரிந்துவிட்டது, வீட்டுக்குப் போ என்று சொன்னார்களா? இல்லை. சம்பளச் சீட்டிலிருந்தும் வேறு இலாகாக்களின் தாள்களிலிருந்தும் சேவையை மறுபடி எழுதி எடுத்தார்கள். சம்பளச் சீட்டு அங்கே சாட்சியானால், நம் செக்ரோல் இங்கே ஏன் சாட்சியாகக் கூடாது?

நேர்மாறான பாடமும் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பிரிட்டனுக்குப் போய் உழைத்தவர்கள் வந்திறங்கிய சீட்டுகளை அந்நாட்டு அரசாங்கமே 2010-இல் அழித்தது. பிறகு அவர்களிடமே அத்தாட்சி கேட்டது. வேலை இழந்தவர் உண்டு, நாடு கடத்தப்பட்டவர் உண்டு. 2018-இல் பிரதமரே மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது.

பெயர் எழுதப்படாமலே போனால் என்ன ஆகும் என்பதை நாம் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1943-இல் முடிந்த சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல் இருக்கிறது. அதே பாதையில் மடிந்த நம் தோட்டத்து ஆயிரக்கணக்கான தமிழர்களுக்குப் பெயர்ப் பட்டியல் எங்கே? யுத்தக் கல்லறைகளைக் காக்கும் காமன்வெல்த் ஆணையமே, முதல் உலக யுத்தத்தில் இறந்த இந்திய, ஆப்பிரிக்க வீரர்கள் பலரைப் பெயர் சொல்லி நினைவுகூரத் தவறியதாக 2021-இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. இறந்தவருக்கு நூறு ஆண்டு கழித்துத் திருத்தம் உண்டென்றால், உயிரோடு வந்து நிற்பவருக்கு ஏன் இல்லை?

நம் கோரிக்கைகள் இவை. முதலாவது, முன்னாள் வீரரின் திருத்த மனுவை ஓர் இடத்தில் வாங்க வேண்டும். இலாகாவுக்கு இலாகா தாளை அனுப்பிக்கொள்வது அரசாங்கத்தின் வேலை, கிழவரின் வேலையல்ல. இரண்டாவது, செக்ரோல், தோட்டப் பள்ளிக்கூடச் சேர்க்கைப் புத்தகம், தோட்ட ஆஸ்பத்திரி ஏடு ஆகியவற்றைச் சாட்சியமாக ஏற்க வேண்டும். மூன்றாவது, 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி செய்த சத்தியப் பிரமாணத்துக்கு உரிய மதிப்புத் தர வேண்டும். பொய்ப் பிரமாணத்துக்குத்தான் தண்டனை இருக்கிறதே! நான்காவது, முடியாது என்றால் காரணத்தை எழுத்தில், குறித்த கெடுவுக்குள் சொல்ல வேண்டும். ஐந்தாவது, மனுச் செய்தவர் இறந்தால் மனு சாகக் கூடாது. மனைவி தொடர்ந்து நடத்த இடம் வேண்டும்.

கேட்பதோடு நம் கடமை தீராது. தோட்டங்கள் விற்கப்படுகின்றன, லயங்கள் இடிக்கப்படுகின்றன, பழைய ஆபீசு ஏடுகள் கரையானுக்கும் நெருப்புக்கும் போகின்றன. அவற்றில் இருப்பது வெறும் காகிதமல்ல, நம் பிறப்பும் உழைப்பும். கிராணிமார்களே, உங்கள் ஆபீசில் பழைய செக்ரோல் இருந்தால் நிர்வாகத்திடம் பேசித் தேசிய ஆவணக் காப்பகத்துக்குச் சேர்ப்பிக்க முயலுங்கள். மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். அதற்கு வெள்ளி வாங்காதீர்கள். தொழிலாளத் தோழர்களே, இன்று இரவே பெட்டியைத் திறந்து சூராவையும் கார்டையும் கலியாணப் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து மாறியிருந்தால், பெற்றோரை அறிந்த சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே திருத்தக் கேளுங்கள். தாளை நேரில் கொடுத்தால் முத்திரை வாங்குங்கள். தபாலில் போட்டால் பதிவுத் தபாலில் போட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

நாட்டுக்காகக் காட்டில் காவல் நின்றவனை, அவன் சேரும்போது, "நீ யார்?" என்று நாடு ஒரு தடவை கேட்டது. அவன் பதில் சொல்லிவிட்டான். பன்னிரண்டு ஆண்டுச் சேவையே அந்தப் பதில். அதை மறுபடி மறுபடி கேட்பது அரசாங்கத்துக்கு அழகல்ல.