ஓலைக்கு என்ன விலை?

என் தங்கச்சி கல்யாணத்துக்கு மூணு ஞாயிறு ஓலை வாசிக்கணும். எழுதிக் கொடுக்கப் போன அப்பாவிடம், "கோயில் வரி பாக்கி, மணமக்கள் வகுப்புக்கு ஆயிரம், ரெண்டையும் கட்டிட்டு வா" என்றார் சாமியார். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கித்தான் அப்பா கட்டினார்.

'உழைப்புக்குக் கூலி கேட்டா தப்பா?' என்கிறார்கள் சில தோழர்கள். தப்பில்லை. மந்திரம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாருக்கும் மணியடிக்கும் கோயில்பிள்ளைக்கும் கூலி வேண்டும்தான். அதைக் கொடுக்க வேண்டியது பங்கு, கல்யாண வீடு அல்ல.

மணமக்களைத் தயாரிப்பது சாமியாரின் கடமை. 1983ஆம் ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1063ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. மேலிடம் வரையறுத்த காணிக்கைக்கு மேல் கேட்காதே, வறுமையால் யாருக்கும் அருட்சாதனம் கிடைக்காமல் போகக்கூடாது என்கிறது 848ஆம் பிரிவு.

கிறிஸ்தவன் ஆனதால் நீ எஸ்.சி. இல்லை என்று 1950ஆம் ஆண்டு ஆணையைக் காட்டி அரசாங்கம் நம்மைக் கைகழுவியது. கோயிலும் நம்மிடமே கைநீட்டினால் எங்கே போவது?

தோழர்களே, காணிக்கைப் பட்டியலைக் கோயில் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். கொடுக்கிற காசுக்கு ரசீது கேளுங்கள். மனசிருந்தா தட்டுல வச்சுக் கொடுப்போம். ஓலையை அடகு புடிச்சா கொடுக்க மாட்டோம்.