வரிச் செய்தியில் பால் வெட்டுறவங்க எங்கே?

2025 ஏப்ரல் 2ஆம் திகதி, இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீத வரி என்று அமெரிக்கா அறிவித்தது. ஜூலையில் அது 30 ஆனது, ஓகஸ்டில் 20. அந்த நாலு மாசமும் நம்ம ஊடகங்கள் யாரிடம் கேட்டன? அமைச்சரிடம், ஏற்றுமதியாளரிடம், பொருளாதார நிபுணரிடம். ஆடைத் தொழில்தான் பெரிய ஏற்றுமதி, அதைப் பேசட்டும். ஆனால் டயரும் இறப்பர் கையுறையும்கூட அமெரிக்காவுக்குப் போகுதே? கேகாலைத் தோட்டங்களில் விடியக்காலை பால் வெட்டப் போறவங்ககிட்ட மைக்கை நீட்டிய செய்தி ஒன்றும் எங்கள் கண்ணில் படவில்லை.

சம்பளம் கேட்டால் மட்டும் கதை மாறுது. கூலி கூடினால் உலகச் சந்தை போய்விடும் என்ற கம்பனிகளின் வாதம் உடனே தலைப்பாகிறது. அப்போது நாம் ஏற்றுமதியின் செலவு. வரி வரும்போது நாம் கணக்கிலேயே இல்லை.

அந்த வரியைச் சுங்கத்தில் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர். அவர் விலையைக் குறைக்கச் சொல்வார். தொழிற்சாலை அதைத் தோட்டத்திடம் சொல்லும். தோட்டம் யாரிடம் சொல்லும்? அரைப்பேர் போடுற இடத்தில்தான் அந்தக் கணக்கு முடியும். இதை எழுதாத செய்தி பாதிச் செய்திதான். ஊடகம் யாருடைய நட்டத்தைக் காட்டுதோ, அதுதான் பேச்சுவார்த்தை மேசைக்கும் போகும்.

2022 ஏப்ரல் 19ஆம் திகதி, எரிபொருள் கேட்ட மக்கள் மீது இங்கே துப்பாக்கிச் சூடு நடந்தபோது கேமராக்கள் வந்தன. ஆள் செத்தால்தான் வழி தெரியுமா? கொழும்பிலிருந்து ரம்புக்கனைக்குத் தினமும் ரயில் ஓடுது. ஏறுங்க.